வாய்க்கால் கரையில் இரண்டு மூட்டை

எங்கள் வீட்டில் இருந்த எடை பார்க்கும் கருவி 120 கிலோ வரைக்கும்தான் காட்டும். 2022 தைப் பொங்கல் முடிந்த வாரம் அதில் ஏறி நின்றபோது எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஓர் எழுத்து மின்னியது. கருவி கெட்டுப் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, "எனக்கு 63 காட்டுதுங்க, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி இறங்கிக்கொண்டார். அன்று மாலை எங்கள் சர்க்கரை மண்டியில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சர்க்கரை மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறினேன். 121 கிலோ 400 கிராம். கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை 60 கிலோ மூட்டையாகக் கைமாறுவதால், எந்தக் கனத்தையும் மூட்டைக் கணக்கில் நினைத்துப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். நான் இரண்டு மூட்டையும் அதற்கு மேல் ஒரு கொசுறுமாக இருந்தேன். அப்போது எனக்கு வயது 43, உயரம் 172 சென்டிமீட்டர்.

ஓடிப் பார்ப்பது எனக்குப் புதிதன்று. அதற்கு முன் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்ன சொல் தைத்ததால், பள்ளி மைதானத்துக்குப் போய் ஓடியிருக்கிறேன். பத்தொன்பது வயதில் கபடி ஆடிய கால்கள் இன்னும் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொண்டு எட்டி எட்டி வைத்து ஒரு சுற்று ஓடுவேன். மூச்சு முட்டி, கண் இருண்டு உட்கார்ந்துவிடுவேன். மறுநாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு தொட முடியாமல் வலிக்கும். வலி போவதற்குள் வைராக்கியமும் போயிருக்கும். இரண்டு முறையும் என் உறுதியின்மையைத்தான் நொந்துகொண்டேனே ஒழிய, ஓடிய விதம் தவறு என்று தோன்றவே இல்லை.

மூன்றாம் முறை செய்த முதல் நல்ல காரியம் மருத்துவரிடம் போனது. ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 150/96 என்றும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 என்றும் வந்தன. 6.5 தொட்டால் சர்க்கரை நோய் என்பதால், வரப்பின் மேல் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றார் மருத்துவர். இசிஜியும் எக்கோவும் எடுத்து, ஓடுபொறியில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிஎம்டி சோதனையும் செய்த பிறகு, அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்து, அது கட்டுக்குள் வரும்வரை நடை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்ற பேச்சே கூடாது என்பதையும் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நாற்பதைத் தாண்டியவரும் என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவரும் காலணி வாங்குவதற்கு முன் இந்தச் சோதனைகளை முடித்துக்கொள்வது நல்லது. எனக்கு ஆன செலவு பின்னர் வாங்கிய காலணியின் விலையைவிட அதிகமில்லை.

ஆனால் ஓடுவது எப்படி என்பதை நான் கற்றுக்கொண்டது மண்டியில்தான். எங்களிடம் முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் எடை 58 கிலோ. முதுகில் ஏறும் மூட்டை 60 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 118. ஒரு நாள் லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது இந்தக் கூட்டல் மனத்தில் ஓட, எனக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருந்தது. கிட்டத்தட்ட என் எடையோடு இந்த மனிதர் பலகையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார், நாளொன்றுக்கு நூறு நடை போகிறார், மூட்டுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தேநீர் நேரத்தில் அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, மூட்டை முதுகுல ஏறிட்டா எட்டி வெக்கக் கூடாதுங்க. எட்டி வெச்சா மூட்டை நம்மளத் தள்ளும். பொடுபொடுன்னு வெச்சுப் போயிரோணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: "எளப்பு வந்தப்புறம் எறக்கி வெச்சா அடுத்த நடை வராதுங்க. அது வர்றதுக்கு முன்னாலயே எறக்கிரோணும்."

இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் உள்ள காரணங்களைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நடக்கும்போது ஒரு காலில் விழும் விசை உடல் எடையைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். ஓடும்போது அது இரண்டிலிருந்து மூன்று மடங்கு வரை போகும். 121 கிலோ மனிதன் ஓடினால், ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக் காலின் மேல் நான்கு முதல் ஆறு மூட்டைச் சர்க்கரை வந்து விழுகிறது. எட்டி வைக்கும்போது குதிகால் உடலுக்கு முன்னால் தொலைவில் ஊன்றி, ஓட்டத்தைத் தடுக்கும் முட்டுக்கட்டையாகிறது. அந்த அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. அடியைக் குறுக்கி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி விரைவாக வைத்தால் அதே வேகத்தில் முழங்காலின் சுமை குறைகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. நெஞ்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். பருமனான ஒருவர் மூன்றாவது வாரத்தில் 'மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஓடலாமே' என்று நினைக்கும் நேரம்தான் கால் முறையிடப் போகும் நேரம்.

லோடுமேன் அண்ணன் மூட்டையை லாரியில் இறக்கி வைத்துவிட்டுக் கைவீசித் திரும்பி வருகிறார். என் மூட்டையை இறக்கி வைக்க இடமில்லை. அதற்கு மாற்றாக நான் செய்யக்கூடியது நடை ஒன்றே. பழைய வழித்தடங்களில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்த முன்னோர், களைத்து விழுந்தவனுக்காக மட்டும் அதை நடவில்லை. விழாமல் போய்ச்சேர வேண்டும் என்றுதான் நட்டார்கள். என் ஓட்டத்தில் நடை என்பது அந்தக் கல் என்று எண்ணிக்கொண்ட பிறகு, இடையில் நடப்பதைத் தோல்வியாக நினைக்கும் பழக்கம் போய்விட்டது.

முதல் ஆறு வாரங்கள் நடந்தேன். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம், கீழ்பவானி வாய்க்கால் கரையில். பவானிசாகர் அணையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும் இந்த வாய்க்கால் நிலத்தின் சமமட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து வெட்டப்பட்டது. அதனால் கரையில் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குத் தெரியாது. கனத்த உடம்புக்கு இறக்கம்தான் எதிரி. ஏற்றத்தில் மூச்சு போகும், இறக்கத்தில் முழங்கால் போகும். தார்ச்சாலை அருகிலேயே இருந்தும் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். மண் தரை மெத்தென்று இருக்கிறது என்பதையும் காரணமாகச் சொல்வேன். ஆனால் மழை பெய்த மறுநாள் அதே மண் வழுக்கும், கணுக்கால் பிசகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏழாம் வாரம் ஓட்டம் தொடங்கியது. ஜாஷ் கிளார்க் என்பவர் 1996-இல் ஓடிப் பழகாதவர்களுக்காக வகுத்த ஒன்பது வாரத் திட்டம் ஒன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடந்துவிட்டு, அறுபது விநாடி ஓட்டம், தொண்ணூறு விநாடி நடை என்று இருபது நிமிடம் மாறி மாறிச் செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். அந்த அறுபது விநாடியே எனக்கு அதிகமாக இருந்தது. முப்பது விநாடி ஓடி இரண்டு நிமிடம் நடப்பதாக மாற்றிக்கொண்டேன். கரையில் அடுத்தடுத்து வரும் மதகுகள் எனக்குச் சுமைதாங்கிகளாயின. மதகு வந்தால் மூச்சு இருந்தாலும் நடைக்கு இறங்கிவிடுவேன். ஓட்டம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, ஒரு நாள் எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஆத்தா ஒருவர் என்னைக் கடந்து முன்னே போய்விட்டார். போகிற போக்கில், "மெதுவாவே வா சாமி" என்று ஆறுதலும் சொன்னார்.

அவர் சொன்னது சரியான அறிவுரை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். எனக்குப் பேச்சுத்துணை இல்லாததால் சரக்கு வரவு செலவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்ற வேகம் அப்போது எனக்கு எட்டாத உயரம். திட்டத்தில் ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள், இடையில் நடையே இல்லாமல் இருபது நிமிடம் ஓடச் சொல்லியிருக்கும். அந்த ஒரு நாளுக்கு முன்னால் நான் ஏழு வாரம் நின்றேன். எந்த வாரத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டதால், ஒன்பது வாரத் திட்டம் எனக்கு இருபத்தாறு வாரம் பிடித்தது.

உடுப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதுவார் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் புண்ணாவது தொடை. பருத்தி அரைக்கால் சட்டை வியர்வையில் நனைந்து சுருண்டு மேலேறிவிடும்; உள்தொடை இரண்டும் உரசி, குளிக்கும்போது தண்ணீர் பட்டால் கண்ணில் நீர் வரும். தொடையைப் பிடித்தாற்போல் முழங்கால் வரை வரும் இழுவைத் துணி உள்ளாடையும், புறப்படுவதற்கு முன் தடவிக்கொள்ளும் வாசலினும் இதைத் தீர்த்தன. தேங்காய் எண்ணெயும் தடவிப் பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கும். எனக்கேற்ற அளவு உள்ளூர் விளையாட்டுக் கடைகளில் இல்லை. கடைசியில் திருப்பூர் காதர்பேட்டையில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய பனியன்கள் விற்கும் கடையில், வெளிநாட்டுக்காரர்களுக்கான அளவில் வேண்டியது கிடைத்தது. காலணி விஷயத்தில் முதலில் ஏமாந்தேன். ஒரு கடையில், போகப் போக இளகிவிடும் என்று சொல்லி இறுக்கமான ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். சுண்டுவிரல் நகம் கருத்துப்போனதுதான் மிச்சம். கனத்த உடம்பில் பாதம் அகன்று பரவும் என்பதால் அகல வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அணியப்போகும் காலுறையோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெட்கம் ஒரு பெரிய விஷயம்தான். முதல் இரண்டு மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்று நாலரை மணிக்கே போய்விடுவேன். ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தில், இன்னும் மூன்று அடி வைத்திருந்தால் மிதித்திருக்கக்கூடிய இடத்தில், கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. மறுநாளிலிருந்து விடிந்த பிறகே கரைக்குப் போகிறேன். மச்சான் முறைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன மாப்ள, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு வாரம் கேட்டார். பிறகு கேட்க அவருக்கே அலுத்துவிட்டது. நாய்கள் அப்படி அலுக்கவில்லை. துரத்தும் நாயிடமிருந்து ஓடித் தப்பும் வேகம் நமக்குக் கிடையாது என்பதால், ஓட்டத்தை நிறுத்தி, நாயைப் பார்த்தபடியே மெல்ல நடந்து கடப்பதே வழி.

எடை விவகாரத்துக்கு வருகிறேன். ஓட ஆரம்பித்த முதல் மாத முடிவில் நான் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தேன். ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் என்பது பொதுக் கணக்கு. நடையும் ஓட்டமுமாக நான் கடந்த மூன்று கிலோமீட்டருக்கு அதிகம் போனால் 350 கலோரி. திரும்பி வந்தால் அம்மா, "ஓடிக் களைச்சு வந்திருக்கறே, சாமி" என்று அரிசியும்பருப்புஞ் சாதத்தில் நெய்யை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். நானும் உழைத்த கூலிபோல உண்பேன். ஆனால் உண்மையான திருடன் வேறு இடத்தில் இருந்தான். மண்டியில் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி விட்டு எடுக்கும் மாதிரிச் சர்க்கரையில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்ப்பது தொழில் வழக்கம். ஒரு நாள், வாயில் போட வேண்டியதையெல்லாம் ஒரு டம்ளரில் போட்டு வைத்து, மாலையில் நிறுத்துப் பார்த்தேன். 110 கிராம். நானூறு கலோரிக்கு மேல். ஓடிக் கழித்ததைவிட அதிகமாக, உண்டதாகவே நினைவில் இல்லாமல் உண்டிருக்கிறேன், அதுவும் இருபது ஆண்டுகளாக. இப்போது நிறத்தையும் மணியையும் பார்த்தும், விரலில் தேய்த்தும் தரம் சொல்லிவிடுகிறேன். சுவை பார்க்கும் பொறுப்பை 58 கிலோக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். காலை உணவில் இட்லியின் எண்ணிக்கையைக் குறைத்து, கொள்ளுப் பருப்பும் முட்டையும் சேர்த்துக்கொண்டேன். எடை இறங்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஓட்டத்தால் மட்டும் இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரத்த அழுத்தம், தூக்கம், மூச்சு ஆகியவற்றுக்கு ஓட்டம் செய்யும் நன்மை வேறு, தராசு வேறு.

அடிபட்ட கதையையும் சொல்லியாக வேண்டும். ஓட ஆரம்பித்து ஒன்பதாவது வாரம், எல்லாம் நன்றாகப் போகிறது என்ற மிதப்பில், விடுமுறை நாட்களாகச் சேர்ந்தாற்போல் வந்த நான்கு நாளும் ஓடினேன். ஐந்தாம் நாள் முன்னெலும்பின் உட்பக்கம் வலித்தது. கட்டைவிரலால் எலும்போடு அழுத்திக்கொண்டு வந்தால் ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவலாக இருந்தது. அப்படி இருந்தால் பெரும்பாலும் ஓய்வில் ஆறிவிடும். ஒரே புள்ளியில், விரல் வைத்த இடத்தில் சுரீரென்று வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஓட்டம் போயிற்று. அந்த மூன்று வாரமும் நடையை விடாமல் இருந்ததே என்னை இந்தப் பழக்கத்தில் தங்க வைத்தது. பின்னொரு சமயம் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறியதுபோல் வலி வந்தது. தண்ணீர்ப் புட்டியை உறைய வைத்து உள்ளங்காலில் உருட்டியும், வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றியும் இரண்டு மாதத்தில் சரியாயிற்று. அந்தப் படிப் பயிற்சியையும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் இன்றுவரை ஓடாத நாட்களில் செய்து வருகிறேன். என் முழங்காலைக் காப்பாற்றியதில் காலணியைவிட அந்த நாற்காலிக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

சித்திரை வெயிலில் ஈரோட்டுப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும். ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். முடித்ததும் உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நேர் எதிரே அடித்தால் என்னைப் போன்ற அகலமான ஆளைப் பாயைப் போல் பிடித்துக்கொள்ளும். போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வதே வசதி.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடித்தேன். 46 நிமிடம் ஆயிற்று. மதகைக் கண்டதும் கால் தானாக நடைக்கு இறங்கப் பார்த்தது, கடந்து போனேன். இப்போதும் நீண்ட ஓட்டங்களில் நான்கு நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை என்ற முறையை விடவில்லை. எச்பிஏ1சி 5.6-க்கு வந்திருக்கிறது. அழுத்த மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்திருக்கிறார். என் குறட்டை நின்றுவிட்டதாக மனைவி சொல்கிறார். இதை நான் சரிபார்க்க வழியில்லை.

போன வாரம் சரக்கு ஏறி முடிந்த பிறகு மேடைத் தராசில் மறுபடியும் ஏறினேன். 101 கிலோ 200 கிராம். லோடுமேன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து எண்ணைப் பார்த்தார். முதல் நாள் எண் அவருக்கு நினைவிருந்தது. "இருவது கிலோ, மூணுல ஒரு பங்கு மூட்டை எறக்கிட்டீங்க தம்பி" என்றார். பிறகு என் காலணியையும், வியர்வையில் நனைந்த சட்டையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூட்டை நிறுக்கும்போது தினமும் சொல்வதுபோலவே, "சாக்கு எடை ஒரு கிலோ கழிச்சு எழுதுங்க" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.